தேவையைக் கேட்பவரும் வேலையை முடிப்பவரும்

"இதோடு ஐந்தாந் தரம் பெயர் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒன்றும் வந்தபாடில்லை." இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் எந்த இடத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வேலைக்காக வருகிறார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். கொப்பியோடு வந்து கேள்வி கேட்டவரிடம் "வீடு எப்போது முடியும்?" என்கிறோம், அவருக்கு அது தெரியாது. அளவு நாடாவோடு வந்தவரிடம் "எங்களுக்கு வீடல்ல, வயலுக்குப் போகும் பாதைதான் முதலில் வேண்டும்" என்கிறோம். அதை எழுதிக்கொள்ள அவரிடம் தாள் இல்லை. யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாததால் நமது பேச்சில் பாதி காற்றோடு போய்விடுகிறது.

ஓர் அபிவிருத்தி வேலைக்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. யாருக்கு, என்ன, ஏன் தேவை என்று கண்டறிந்து தெளிவாக எழுதி வைப்பது ஒரு தொழில். அந்தத் தேவையை இவ்வளவு பணத்துக்குள், இந்தத் திகதிக்குள், இன்னின்ன ஆட்களைக் கொண்டு செய்து முடிப்பது மற்றத் தொழில். கம்பனிகளில் முதலாமவரை வணிக ஆய்வாளர் என்றும், இரண்டாமவரைக் கருத்திட்ட முகாமையாளர் என்றும் அழைக்கிறார்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ கணினி நிறுவனங்களில் இருக்கும் நமது பிள்ளைகள் சிலருக்கு இந்தப் பெயர்கள் பழக்கமானவை. முகாமையாளர்களுக்கான பெரிய தொழில்சார் அமைப்பு அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆய்வாளர்களுக்கான சர்வதேச நிறுவனம் 2003 இல்தான் கனடாவில் உருவானது. வேலையை முடிப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை உலகம் முதலில் உணர்ந்தது. என்ன வேலை என்று கேட்பதற்கும் தனியாக ஆள் வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஏற்றுக்கொண்டது.

பெயர் புதிது, வேலை பழையது. நமது ஊரில் மகளுக்கு வீடு கட்டும்போது உம்மா முற்றத்தில் நின்று, குசினி வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, வெளியாட்கள் வந்தால் எந்த அறையில் இருப்பது என்று சொல்கிறார். மேசன் பாஸ் எத்தனை மூடை சீமெந்து, எத்தனை நாட்கூலி, மழைக்கு முன் கூரை ஏறுமா என்று கணக்குப் போடுகிறார். உம்மா சொல்வதை பாஸ் கேட்காவிட்டால் வீடு எழும்பும், ஆனால் சமைக்க முடியாது. பாஸ் சொல்வதை உம்மா கேட்காவிட்டால் சுவர் பாதியில் நிற்கும். இந்த இருவரும் ஒரே வளவுக்குள் நிற்பதால் சண்டை பிடித்தாவது ஒத்துப்போகிறார்கள். திட்டம் பெரிதாகி, பணம் வெளியிலிருந்து வந்து, கட்டுபவர் ஓரிடத்திலும் குடியிருப்பவர் வேறோரிடத்திலும் என்று ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கல்லோயாவில் கேட்ட கேள்விகள்

இதற்கு நல்ல உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நமது வயல்களுக்குத் தண்ணீர் வரும் வழியிலேயே அது இருக்கிறது.

பட்டிப்பளை ஆறு என்று நமது முன்னோர் அழைத்த கல்லோயாவைக் குறுக்கே மறித்து இங்கினியாகலையில் அணை கட்டுவதற்காகக் கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் அமைக்கப்பட்டது. அணையைக் கட்டியது அமெரிக்கக் கம்பனி ஒன்று. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. பெருந்தொகைக் குடும்பங்கள் மேற்பகுதியில் குடியேற்றப்பட்டன. அந்தக் குடியேற்றத்தின் அரசியலும் 1956 இல் அங்கு சிந்திய இரத்தமும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காதவை; ஆனால் அவற்றை மறந்துவிட்டு கீழே வருவதை வாசிக்க வேண்டாம்.

முப்பது ஆண்டுகள் செல்வதற்குள் இடதுகரை வாய்க்கால்கள் சீர்குலைந்தன. மதகுகளின் கதவுகள் உடைந்தன, கரைகள் சரிந்தன, மண் நிறைந்தது. தலைப்பகுதியில் இருந்தவர்கள் தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்தார்கள். வால்பகுதியில் இருந்தவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் விவசாயிகள், சிறுபோகத்தில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். பொறியியலாளர்கள் விவசாயிகளைக் குறை சொன்னார்கள்: கதவை உடைக்கிறார்கள், வாய்க்காலை வெட்டுகிறார்கள். விவசாயிகள் திணைக்களத்தைக் குறை சொன்னார்கள்: சொன்ன நாளில் தண்ணீர் விடுவதில்லை. இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது.

1979 இல் அமெரிக்க அரசின் உதவியோடு இடதுகரையைத் திருத்தும் நீர் முகாமைத்துவத் திட்டம் தொடங்கியது. பழைய முறைப்படி என்றால் பொறியியலாளர் வரைபடம் கீறுவார், ஒப்பந்தகாரர் கொன்கிறீட் போடுவார், திறப்பு விழாவோடு முடியும். இம்முறை கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் வேறொன்றையும் சேர்த்தன. 1981 மார்ச்சில் 32 இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக உகண பகுதிக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விவசாயிகளிடையே குடியிருந்தார்கள். அவர்களிடம் கொடுப்பதற்குப் பணமோ சீமெந்தோ இல்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எப்போது வருகிறது, எங்கே நிற்கிறது, யாருக்குப் போதாது, எதை நீங்களே திருத்தலாம், எதற்குத் திணைக்களம் வர வேண்டும் என்று கேட்பதுதான் வேலை. அவர்களுடைய பதவிப் பெயர் வேறாக இருந்தாலும், அவர்கள் செய்தது நாம் மேலே சொன்ன ஆய்வாளரின் வேலையே.

அந்த ஆண்டு சமுத்திரத்தில் கால்வாசி அளவுதான் தண்ணீர் இருந்தது. சண்டை வருவதற்கு ஏற்ற காலம். ஆனால் நடந்தது வேறு. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேர் கூடினார்கள். பல ஆண்டுகள் தூர்ந்திருந்த வாய்க்கால்களைச் சிரமதானத்தில் வெட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மிச்சப்பட்டதைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். சுமார் 5,000 ஏக்கர் கொண்ட முதற் பகுதியில் ஆறு வாரங்களுக்குள் பெரும்பாலான விவசாயிகள் இவற்றில் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டார்கள் என்று அந்தத் திட்டத்தில் பணியாற்றிய நோர்மன் அப்ஹொஃப் எழுதியிருக்கிறார். மேலே சிங்கள விவசாயிகளும் கீழே தமிழ் விவசாயிகளும் இருந்த இடங்களிலும் தண்ணீர் கீழே போனது. அந்த நாட்களில் அது சிறிய விடயமல்ல.

முதலில் வேலை, பிறகு சங்கம் என்பது அமைப்பாளர்கள் கையாண்ட முறை. தலைவர், செயலாளர், பொருளாளர், யாப்பு என்று தொடங்கவில்லை. ஒரு வாய்க்காலைச் சேர்ந்து திருத்திய பிறகு, "இந்த வாய்க்கால்காரர் எல்லோருக்காகவும் பேசக்கூடியவர் யார்?" என்று கேட்டார்கள். வாக்கெடுப்பு இல்லாமல், எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு ஒரு பிரதிநிதியைத் தெரிந்தெடுத்தார்கள். வாக்கெடுப்பு வந்தால் கட்சியும் வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இனி இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைப் பார்ப்போம். அமைப்பாளர் கேட்டு எழுதியது அறிக்கையாகக் கொழும்புக்குப் போய் அலுமாரியில் தூங்கவில்லை. வயல் வாய்க்கால்களைத் திருத்தும் திட்டம் கீறப்படுவதற்கு முன் பொறியியலாளரும் விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு வயல் மேடா பள்ளமா, எந்த இடத்தில் கரை எப்போதும் உடைகிறது என்பதைப் பொறியியலாளர் கருவியால் அளக்கலாம். இருபது போகம் அதே வரம்பில் நடந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பொறியியலாளரிடம் விவசாயியிடம் இல்லாத ஒன்றும் இருந்தது. மொத்தத் தண்ணீர் எவ்வளவு, இந்த மதகை அகலித்தால் கீழே எத்தனை பேருக்குக் குறையும் என்ற முழுக் கணக்கு அவரிடமே இருந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்திலும் அரசாங்க அதிபருக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார்கள்.

குறைகளும் இருந்தன. அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஆசிரியர் நியமனம் வந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கேட்பவரின் வேலையைத் தற்காலிக வேலை என்று எண்ணும் பழக்கம் இன்றும் போகவில்லை. அடுத்த கள உத்தியோகத்தர் வரும்போது நாம் முதலிலிருந்து பெயர் சொல்லத் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

ஆனாலும் பலன் நிலைத்தது. விவசாயிகளோடு சேர்ந்து நீரை முகாமை செய்வது 1988 இல் அரசின் கொள்கையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1997 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் தண்ணீர் போதாது, 15,000 ஏக்கருக்கே அனுமதி என்று அதிகாரிகள் சொன்னார்கள். விவசாய அமைப்புகள் தண்ணீரைப் பங்கிட்டுச் சிக்கனமாகப் பாய்ச்சி, சுமார் 65,000 ஏக்கர் செய்து, வழக்கத்திலும் நல்ல விளைச்சல் எடுத்தார்கள். திட்டம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இது நடந்தது. கொன்கிறீட் மட்டும் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

கட்டி முடிந்தும் குடியேறாத வீடுகள்

மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 க்கும் மேற்பட்டோர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கரையோரத்தில் வீடுகள் தரைமட்டமாயின. அதன் பின்பு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் நெருக்கமான ஊர். 200 மீற்றர் என்று கொழும்பில் கோடு போட்டவருக்கு இது வெறும் இலக்கம். கல்முனைக்குடிக்கு அது ஊரின் பெரும் பங்கு. மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கு விடையில்லாமலே திட்டங்கள் தொடங்கின. 2005 முடிவில் அந்த எல்லை தளர்த்தப்பட்டது; அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் எல்லாம் சேர்ந்த நல்ல திட்டம். கட்டியவரைக் குறை சொல்ல முடியாது; முகாமையாளரின் வேலை முடிந்தது. ஆனால் இந்த வீடுகள் யாருக்கு, எந்த அடிப்படையில் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. 2009 இல் தீர்ப்பு வந்தது. வீடுகள் மட்டும் பல ஆண்டுகள் ஆளில்லாமல் காடு பிடித்துக் கிடந்தன. கதவும் ஓடும் களவு போயின. அந்த வழக்கின் நியாய அநியாயத்தை இங்கே தீர்க்க முடியாது. "யாருக்கு?" என்ற கேள்விக்கு அத்திவாரம் வெட்டும் முன் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட எழுத்து மூலமான விடை வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். கூரை ஏறிய பின் கேட்டால் அது வழக்காகத்தான் முடியும்.

ஒலுவில் துறைமுகமும் அப்படித்தான். டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. அலைதடுப்பு எழுந்ததும் கரையோர மணலின் ஓட்டம் மாறியது. துறைமுக வாயை மணல் மூடியது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. கரைவலைக்காரரிடமும் தோட்டக்காரரிடமும் மணல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்று யாராவது ஒரு பகல் முழுவதும் இருந்து கேட்டிருந்தால் என்று இன்றும் நினைக்கத் தோன்றுகிறது.

சிறிய விடயங்களிலும் இதே கதை. புதிய வீட்டைக் காட்ட அழைத்துப் போனபோது ஒரு மூத்த தாய் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊடு வடிவாத்தான் இருக்கு மகன். அடுப்ப எங்க வெக்கிற?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. வாயு அடுப்புக்கு அளந்த குசினி. அவரிடம் இருந்தது விறகு. புகை போக வழியில்லை. பிறகு அந்தக் குடும்பம் பின்புறம் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டது.

அடுப்பை விடப் பெரிய விடயம் உறுதிப்பத்திரம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் மகளுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்கிறார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். கடல் கொண்டுபோன வீடுகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஆனால் நிவாரணப் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஓர் இடம் இருந்தது, அங்கே கணவனின் பெயர் போனது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதியாகச் சேதமடைந்ததற்கு 100,000 ரூபா என்ற கொடுப்பனவும், பல இடங்களில் புதிய வீட்டின் பத்திரமும் அந்தப் பெயரைப் பின்பற்றின. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. படிவம் அச்சிட்டவருக்கு இந்த ஊரின் வழக்கம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் படிவம் அச்சாகும் முன் அங்கே இல்லை. ஒரு கட்டத்துக்குள் எழுதிய பெயரால் ஒரு பெண்ணின் சீதன உரிமை கைமாறிப் போனது.

இருவருக்கும் இடையில் நடப்பது என்ன?

நல்ல திட்டமொன்றில் ஆய்வாளரும் முகாமையாளரும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக இருப்பார்கள். ஆய்வாளர் கேட்டு வந்ததை முகாமையாளர் விலை போட்டுப் பார்ப்பார். "நூறு குடும்பம் கேட்டது இது; பணம் அறுபதுக்குத்தான் போதும்" என்பார். அப்போது ஆய்வாளர் திரும்பவும் மக்களிடம் போக வேண்டும்: எது இல்லாவிட்டால் வாழவே முடியாது, எது பிறகு வந்தாலும் சமாளிக்கலாம்? இந்தத் தெரிவை மக்கள் செய்தால் அது ஏற்பாடு. முகாமையாளர் மேசையில் இருந்து செய்தால் அது வெட்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

அவர்களுக்குள் இழுபறி இருப்பது இயல்பு. பணம் தந்தவர் நிதியாண்டுக்குள் செலவழித்துக் கணக்குக் கேட்பார். ஆகவே முகாமையாளருக்கு அவசரம். இன்னும் நாலு வீட்டில் கேட்க வேண்டும் என்பார் ஆய்வாளர். சுனாமிக்குப் பின் பணம் நிறைய, காலம் கொஞ்சம் என்றிருந்தபோது இந்த இழுபறியில் அநேகமாக அவசரமே வென்றது. கேட்பதற்கு எடுக்கும் நாளை வீண் நாள் என்று கணக்கிட்டதே அங்கு நடந்த பெரிய பிழை என்பது எனது எண்ணம். கடதாசியில் இருக்கும்போது ஒரு சுவரை நகர்த்த அழிரப்பர் போதும். அத்திவாரம் போட்ட பின் கூலியும் சீமெந்தும் வேண்டும். கூரை ஏறிய பின் நகர்த்தவே மாட்டார்கள். "இப்போதைக்கு இருங்கள்" என்பார்கள்.

வேலை நடக்கும்போது மாற்றம் வரத்தான் செய்யும். காணியில் எதிர்பாராத நீர்க்கசிவு, விலையேற்றம், இன்னும் பத்துக் குடும்பம் திரும்பி வந்துவிட்டது. அப்போது மாற்றத்தை யார் கேட்டார், ஏன், அதனால் எவ்வளவு பணமும் நாளும் கூடும், யார் சம்மதித்தார் என்று எழுதி வைப்பது வழக்கம். அந்தப் பதிவு ஒப்பந்தகாரரின் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் பிற்பாடு யாரையும் பிடிக்க முடியாது. முடிவில் கையேற்கும் நாளில் ஆய்வாளர் திரும்பி வர வேண்டும். முதலில் எழுதிய தேவையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவருடைய வேலையே. நமது இடங்களில் அந்த நாளில் அவரைக் காண்பது அரிது.

சிறிய நிறுவனங்களில் ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்வதுண்டு. அது குற்றமல்ல. ஆனால் திகதி நெருங்கும்போது அவருக்குள் இருக்கும் முகாமையாளர் பேசத் தொடங்குவார், கேட்பவர் மௌனமாகிவிடுவார். அப்படியான இடத்தில் கேட்பவரின் பங்கைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, மாதர் சங்கமோ எடுத்துக்கொள்ளலாம். வயல் விடயமென்றால் வட்டவிதானைமாருக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வாளருக்கும் தெரியாது.

அடுத்த தடவை வாகனம் வந்து நிற்கும்போது

முதலில் வந்தவரிடம் கேளுங்கள்: "நீங்கள் விபரம் எடுக்க வந்தவரா, வேலையை நடத்த வந்தவரா?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. விபரம் எடுப்பவர் என்றால் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். 1990 க்குப் பிறகு எந்த வயலுக்குப் போக முடியாமல் போனது, அதன் அனுமதிப்பத்திரம் யார் பெயரில், இப்போது அங்கே யார் செய்கிறார்கள், வீடு கிடைத்தாலும் வயல் எத்தனை மைல் தூரம், மாடு எங்கே கட்டுவது, நெல் எங்கே காயவைப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். விவசாயக் குடும்பத்துக்கு முற்றமில்லாத வீடு அரை வீடுதான். பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அடுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரதி கேளுங்கள், கையால் எழுதியதானாலும் பரவாயில்லை. அடுத்த தடவை வேறொருவர் வந்தால் அந்தப் பிரதியை நீட்டலாம்.

வேலை நடத்துபவரிடம் வேறு கேள்விகள். பணம் எவ்வளவு, யாருடையது, எப்போது முடிய வேண்டும், எங்களிடம் எடுத்த விபரத்தை நீங்கள் வாசித்தீர்களா, அதில் எதைச் செய்யப்போவதில்லை? கடைசிக் கேள்விதான் முக்கியம். செய்யப்போவதைச் சொல்ல எல்லோருக்கும் விருப்பம். செய்யாமல் விடப்போவதை முன்கூட்டியே சொல்லும் முகாமையாளர் நம்பத்தக்கவர். பதிலைக் கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

படிவத்தில் கையெழுத்திடுமுன் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இழந்த வீடு மனைவியுடையதாகவோ மகளுடையதாகவோ இருந்திருந்தால், பழைய உறுதியோ வரி ரசீதோ கலியாணப் பதிவோ எது கைவசம் இருக்கிறதோ அதன் பிரதியைப் படிவத்தோடு இணைத்து, உரிமையாளர் பெயரை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். எல்லாம் கடலோடு போய்விட்டால், அயலவர் இருவரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் எழுதி பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.